மூணாவது மாடிப் பெரட்டு

பிரமிளா வீட்டு அம்மிக்கல்லை நாலு பேர் சேர்ந்து மூணாவது மாடிக்கு ஏற்றிய அன்றைக்குத்தான் எங்கள் மெலுர் பிளாட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சந்தேகம் இருந்தால் ஒரு கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் ரெண்டாம் நம்பர் வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு வாருங்கள். வாசலில் வைத்தால் அது தானாகவே உருண்டு குளியலறைக்குப் போய்விடும்.

அம்மிக்குப் பிறகு இரும்புக் கட்டில், தையல் மிஷின், மரவள்ளிக் குச்சி ஒரு கட்டு, கயிறு போட்டுக் கட்டிய அட்டைப் பெட்டிகள் ஆறு. எல்லாம் இறங்கிய பிறகு லோரியிலிருந்து பையன்கள் குதித்தார்கள். மூணு பேர்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். நான் எண்ணியபோது ஒன்பது இருந்தது. மூத்தவன் ரூபனுக்கு ஒன்பது வயசு, நடுவன் ஷர்வினுக்கு ஏழு, கடைக்குட்டி யுவேனுக்கு நாலு. லோரியை ஓட்டிவந்த தனேஸ்வரன்தான் தகப்பன். வாரத்தில் நாலு நாள் ஜோகூர் வரைக்கும் சரக்கு ஏற்றிப் போகிறவன், கையும் காலும் பெரிசு, குரல் மட்டும் கொசுவிடம் கடன் வாங்கினதுபோல இருக்கும்.

குரலெல்லாம் அவன் பெண்டாட்டி பிரமிளாவுக்குப் போயிருந்தது. அது எங்களுக்கு அப்போது தெரியாது.

சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஆறாங்கட்டைத் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் நடுவே பஸ் ஓட்டினவன், அந்தத் தோட்டத்து முகப்பில் எத்தனை ஆயிரம் தடவை பிரேக் பிடித்திருப்பேன். தோட்டம் கைமாறி, மரமெல்லாம் விழுந்து, ஆட்கள் குடியிருந்த லயத்தையும் உடைத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ரெட்டைமாடி வீடு கட்டுகிறோமென்று பெரிய பலகை நிற்கிறது. இவர்கள் சிலிபின் பக்கம் வந்து, ஈப்போ கார்டனில் குடியிருக்கும் மிஸ்டர் சோங்குக்கு எங்கள் பிளாட்டில் இருந்த வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். பிரமிளா ஒரு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் தினமும் அலசிப் பிழியும் போர்வைகளை முடிச்சுப் போட்டால் தைப்பிங் வரைக்கும் போய்த் திரும்பி வரலாம்.

லயத்து வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அடுத்து நடந்தது புரியும். வரிசையாக இருபது கதவு. பகலில் ஒன்றும் சாத்தியிருக்காது. பிள்ளைக்குப் பசித்தால் எந்தக் கதவு பக்கத்தில் இருக்கிறதோ அதில் நுழையும். அங்கே என்ன குழம்போ அதைச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுக்கும். சாயங்காலம் யார் வீட்டுப் பிள்ளை யார் வீட்டில் கிடக்கிறது என்று பிரித்து எடுத்துக்கொள்வார்கள்.

நாலாவது நாள் சாயங்காலம், மழை கொட்டுகிறது. எதிரே இருக்கும் சுண்ணாம்பு மலையே தெரியவில்லை. யுவேனைக் காணோம்.

பிரமிளா ஒவ்வொரு மாடியாக ஓடினாள். "யுவேன்! யுவேன்!" மழைச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் கேட்டது. அறுபது வீடு. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, எல்லா வீட்டிலும் டிவி ஓடியது. நானும் எழுந்து கம்பிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தேன். யாரோ புதுசாக வந்தவள் கத்துகிறாள் என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். நான் அளந்துவிடுகிற ஆள்தான், ஆனால் இந்த ஒரு வரியில் ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

ரெண்டு மணி நேரம் கழித்து நாலாவது மாடியில் மெஹர்பானு வீட்டிலிருந்து ஒரு கூச்சல். மெஹர்பானுவும் அவள் புருஷன் பக்கீர் முகம்மதுவும் பெரிய ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கடைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு பின்கட்டில் இருந்திருக்கிறாள். பையன் நுழைந்த பிறகு மழைக்காற்று கதவை அடித்துச் சாத்திவிட்டது. முன்னறைக்கு வந்து பார்த்தால் சோபாவில் ஒரு பையன், பக்கத்தில் காலித் தட்டு, வாயெல்லாம் குருமா, நல்ல தூக்கம்.

"யாரு பெத்த புள்ளைலா இது?" என்று மெஹர்பானு தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். "நாலு பேருக்கு வெச்ச கோழிக் குருமா! எலும்பக்கூட அடுக்கி வெச்சிருக்கான் பாரு, மரியாதையான திருடன்!"

"திருடல," என்றான் யுவேன், கண்ணைத் திறக்காமல். "பசிச்சுச்சு. கதவு தொறந்திருந்துச்சு."

அவனுக்கு ஒரு மாடி கணக்குத் தப்பியிருக்கிறது. மூணாவது மாடி ஏழாம் நம்பருக்கு நேர் மேலே நாலாவது மாடி ஏழாம் நம்பர். தப்பிய பிறகும் அவனுக்கு அது தப்பு என்று தோன்றவில்லை.

மறுநாள் விடியற்காலை அஞ்சே முக்காலுக்கு எங்கள் பிளாட்டில் பெரட்டு ஆரம்பித்தது.

தோட்டத்தில் வெளிச்சம் வருமுன்னே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. மூணாவது மாடித் தாழ்வாரத்தில் பையன்கள் மூணு பேரும் பள்ளிச் சட்டையோடும் அரைத் தூக்கத்தோடும் நிற்க, பிரமிளா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ரூபன்!"

"இருக்கேன்!"

"ஷர்வின்!"

"இருக்கேன்!"

"யுவேன்!"

"இருக்கேன்மா!"

சத்தம் என்றால் உங்கள் வீட்டு என் வீட்டுச் சத்தம் இல்லை. சுண்ணாம்பு மலையில் அடைந்திருந்த வௌவால்கள் இருட்டிவிட்டதென்று நினைத்துத் திரும்பவும் வெளியே போய்விட்டன. கோலா கங்சாரில் ஆற்றங்கரையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் "என்னையா கூப்பிட்டாங்க?" என்று எழுந்து நின்றதாகக் கேள்வி. சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னொரு பெரட்டு.

மூணாம் நாள் நான் அவளைப் படியில் மறித்தேன். "ஏம்மா, மூணு பேரும் ஒரு முழ தூரத்துல நிக்கிறானுங்க. அதுக்கு ஏன் ஊருக்கே கேக்குற மாதிரி கூப்பிடுறே?"

"ஊருக்குக் கேக்கத்தான் மாமா கூப்பிடுறேன். எனக்கு எத்தன புள்ளைங்க, பேரு என்னான்னு எல்லாருக்கும் தெரியணும்லா. அடுத்த தடவ காணோம்னா தெரியலன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

"யாரும்மா உனக்கு இந்தத் தொண்டையக் குடுத்தது?"

"எங்கப்பா தோட்டத்துல ஆளுங்கள மேய்ச்ச மண்டோரு. மைக்கு இல்லாம எறநூறு பேரக் கூப்பிட்டவரு."

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேரே பத்துமலை வீட்டுக்குப் போனேன். பத்துமலை எங்கள் குடியிருப்போர் சங்கத்துத் தலைவர். ஒரு காலத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர், இப்போதும் மூணு நிறத்தில் பேனா வைத்திருக்கிறார். அவர் எழுதிய புகார்க் கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. விடியற்காலை முதல் பஸ்ஸுக்காக முப்பத்திரண்டு வருஷம் நாலு மணிக்கு எழுந்தவன், இனி என்னை எந்தக் கொம்பனும் எழுப்பக் கூடாது என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லித்தான் வேலையை விட்டேன். எனக்குப் பின்னால் இன்னும் பதினெட்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்கடுத்த வாரத்தில் ஒரு நாள்.

"ரூபன்!" "இருக்கேன்!" "ஷர்வின்!"

பதில் இல்லை.

"ஷர்வின்!"

இல்லை. நான் காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எதிர் வரிசையில் ஒரு விளக்கு எரிந்தது. அப்புறம் நாலு, அப்புறம் இருபது. ஒவ்வொரு மாடிக் கம்பியிலும் தலைகள். கைலி கட்டிய தலை, கூந்தலில் சுருள் மாட்டிய தலை, பற்பசை நுரையோடு ஒரு தலை. பத்துமலைகூட வந்து நின்றார்.

கடைசியில் கழிப்பறை ஜன்னலிலிருந்து ஒரு குரல். "இருக்கேன்! வயித்த வலி!"

அறுபது வீடும் மூச்சு விட்டதில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் ஒரு பக்கமாக ஆடியது. மேலேயிருந்து மெஹர்பானு, "ஓமம் போட்டுத் தண்ணி குடுலா!" என்று கத்தினாள். மறுநாள் சாயங்காலப் பெரட்டுக்கு அவளுடைய பேரன் ஸுஹைர் வந்து வரிசையில் நாலாவதாக நின்றான். தன் பேரையும் கூப்பிடச் சொன்னான். ஒரு மாசத்தில் தாழ்வாரம் போதாமல் கீழே பூப்பந்துத் திடலில் பதினேழு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், தமிழ், சீனம், மலாய் என்று எல்லா வீட்டுப் பிள்ளையும். எல்லாரும் "இருக்கேன்" என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் வீட்டுக்காரருக்குக் கடிதம் போனது போனதுதானே. மிஸ்டர் சோங் வந்து கீழே நின்று, சங்கம் கூடி வேண்டாமென்று முடிவு செய்தால் மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். பிரமிளா வீட்டில் ஆறு பெட்டியில் நாலு இன்னும் பிரிக்காமல் கிடந்தது. பிள்ளைகள் ஜட்டியிலிருந்து அழிப்பான் வரைக்கும் அதில் கையை விட்டுத்தான் துழாவி எடுத்தார்கள்.

சனிக்கிழமை தனேஸ்வரன் என் வாசலில் வந்து உட்கார்ந்தான். பிரமிளா கொடுத்துவிட்ட சார்டின் சம்பாலும் அவித்த மரவள்ளியும் கையில். குச்சி நட்டு இன்னும் முளைக்கவில்லை, இது மார்க்கெட்டில் வாங்கியது.

"மாமா, நீங்க சொல்லுங்க. ஒரு காயிதத்துல கையெழுத்துப் போட்டா முடிஞ்சு போச்சு. சத்தம் போட மாட்டோம், புள்ளைங்கள வெளிய விட மாட்டோம்னு. பத்துமல அண்ணே எழுதியே குடுத்துட்டாரு. இவ மாட்டேங்குறா."

"நீ என்னா சொன்னே?"

"அடங்கிப் போலாம்னேன். அதுக்கு அவ, நீ வேணா அடங்கு, நீ அடங்குனது யாருக்குத் தெரியப் போகுதுங்கிறா."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்புறம் அவன் சிரிக்கவில்லை. "இன்னொரு வீடு பாக்க எனக்குத் தெம்பு இல்ல மாமா. சின்னவன் இப்பதான் மாடிய எண்ணக் கத்துக்கிட்டான்."

அந்தக் கடிதத்தில் முதல் பேர் யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

திடலில் நடந்த கூட்டத்துக்குக் கோவிலிலிருந்து மைக் வந்திருந்தது. அது ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு உயிரை விட்டது. பத்துமலை எண்ணினார், பேனாவை மாற்றிக்கொண்டு மறுபடி எண்ணினார்.

"பதினோரு வீடுதான் வந்திருக்கு. இருபது வீடாச்சும் வரணும். சட்டப்படி கூட்டம் செல்லாது. அடுத்த மாசம் பாப்போம்."

தனேஸ்வரன் முகம் தெளிந்தது. "வா, போலாம்," என்றான் மெதுவாக.

"எங்க போறது?" பிரமிளா நகரவில்லை. "இன்னும் ஒரு மாசம் பெட்டிய கட்டி வெச்சுக்கிட்டு உட்காரணுமா? இருக்கோமா போறோமான்னு தெரியாம புள்ளைங்க தூங்கணுமா? அண்ணே, உங்களுக்கு ஆள்தானே வேணும்?"

"ஆமாம்மா, ஆனா…"

"எத்தன பேரு?"

"இன்னும் ஒம்போது வீடு."

அவள் திடலின் நடுவில் போய் நின்றாள். இடுப்பில் கை வைத்தாள். அம்மா செய்வதைப் பார்த்து மூணு பையன்களும் பின்னால் போய் இடுப்பில் கை வைத்தார்கள்.

"அஞ்சாவது மாடி! ஒண்ணாம் நம்பரு, காயத்ரி அம்மா! மூணாம் நம்பரு, வேய் ஜியே அப்பா! நாலாவது மாடி! ரெண்டாம் நம்பரு, அய்மான் அம்மா! ஏழாம் நம்பரு, மெஹர்பானு அக்கா!"

எல்லா வீடும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளின் பேரை வைத்துத்தான் வீட்டையே தெரிந்து வைத்திருந்தாள். குனோங் ராப்பாட் குகையில் தூங்கிய குரங்குகள் எழுந்து வரிசையில் நின்றிருக்கும், சந்தேகமே இல்லை. ஒருத்தர் பாதி சவரத்தோடு இறங்கினார். ஒரு பெண் மீ நூடுல்ஸ் வடிகட்டும் சல்லடையோடு வந்தாள். ஏழு நிமிஷத்தில் நாற்பத்து மூணு வீடு. சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அத்தனை பேரைப் பத்துமலை பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் மூணாவது பேனாவையும் எடுத்தார்.

பிறகு சட்டப்படி கடிதத்தைப் படித்தார். "கையெழுத்து. ஒண்ணு, மகேந்திரன், கீழ்த்தளம் ரெண்டாம் நம்பர்."

பிரமிளா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். "மாமா, நீங்களா?" என்றாள், அவ்வளவுதான். அந்தக் குரல் எனக்கு மட்டுமே கேட்டது.

எழுந்தேன். "அன்னைக்கு நான் கண்ணாடி போடல," என்றேன். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "சரி, கண்ணாடி போட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். தூக்கம் கெடுதுன்னு போட்டேன். இவ புள்ளையத் தேடி அலையிறப்ப கம்பிக் கதவு வழியா பாத்துட்டு உள்ள போயி டிவி பாத்தவனும் நான்தான். அதையும் எழுதிக்குங்க. என் பேர அடிச்சிருங்க."

"எந்தப் பேனாவுலலா அடிக்கிறது?" என்றார் பத்துமலை, நிஜமான குழப்பத்தோடு.

"சிவப்பு!" என்று மெஹர்பானு கத்தினாள்.

பத்துமலை அடித்தார். பிறகு உறுதிமொழித் தாளைப் பிரமிளாவிடம் நீட்டினார். "நீயும் கொஞ்சம் எறங்கி வாம்மா. இதுல கையெழுத்துப் போட்டுரு. மன்னிப்புன்னு ஒரு வார்த்த சொல்லிரு. எல்லாருக்கும் மரியாத."

அவள் அதைத் தொடவில்லை.

"நான் மன்னிப்புக் கேக்க வரல அண்ணே. அன்னைக்கு மழையில ரெண்டு மணி நேரம் கூப்பிட்டேன். அறுபது கதவு. சத்தம் போடாதேன்னு சொல்ல பத்தொம்போது கை எழுதுச்சு. புள்ளையக் காணோம்னு கத்துனப்ப ஒரு கை தாப்பாளத் தொறக்கல. தோட்டத்தவிட்டுப் போங்கன்னு சொன்னாங்க, போனோம். இருபது வருசம் பேர் கூப்பிட்ட எங்கப்பா, அன்னைக்கு ஒரு வார்த்த பேசாம பெட்டியத் தூக்கிக்கிட்டு நடந்தாரு. அவரு போடாம வுட்ட சத்தத்தையும் சேத்துத்தான் நான் போடுறேன். அனுப்பணும்னா அனுப்புங்க. ஆனா இந்த வீட்டவிட்டு நான் சத்தமில்லாம போக மாட்டேன். ஒவ்வொரு படியிலயும் நின்னு என் புள்ளைங்க பேரச் சொல்லிக்கிட்டுத்தான் எறங்குவேன்."

தனேஸ்வரன் போய் அவள் பக்கத்தில் நின்றான். அவனும் இடுப்பில் கை வைத்தான்.

அப்போது ரெண்டாவது மாடி மேடம் ஃபூங் கையைத் தூக்கினாள். கையுறைத் தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவள். எப்போதும் மலாயில்தான் பேசுவாள். விடிய அஞ்சரைக்கு வீட்டுக்கு வருகிறேன், கண்ணை மூடினதும் 'ரூபன்' என்று இடி விழுகிறது என்றாள். அது நியாயம்.

"பூக்கோல் எனாம், போலே," என்றாள். ஆறு மணி என்றால் எனக்குச் சரி.

"ஆறு இருவதுக்கு வேன் வந்துரும். யுவேன் பல்லு வெளக்கவே கால் மணி," என்று பிரமிளா மலாயில் சொல்லி, "அஞ்சு அம்பது," என்றாள்.

"எனாம்."

"அஞ்சு அம்பத்தஞ்சு. சனி, ஞாயிறு காலையில பெரட்டு கெடையாது."

ஃபூங் கொஞ்ச நேரம் யுவேனைப் பார்த்தாள். யுவேன் அவள் கையிலிருந்த பாவ் பண் பொட்டலத்தைப் பார்த்தான். "போலே லா," என்றாள்.

வீட்டைக் காலி செய்யவேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் பத்துமலை. மூணு கை எழுந்தது. அதில் ஒன்று தலை சொறிந்த கை. இன்னொன்று பத்துமலையுடையது, கடிதம் எழுதினவர் தூக்காவிட்டால் மரியாதை இல்லையே என்று. பிறகு அவரே பச்சைப் பேனாவில் எழுதினார்: பெரட்டு, காலை 5.55.

மத்தியானமே பிரமிளா நாலு பெட்டியையும் பிரித்துவிட்டாள். சாயங்காலம் பூட்ஸ் கால்களோடு யானைக்கூட்டம் இறங்குவதுபோல் படியில் ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பிரித்த அட்டைகளைப் படியில் போட்டு மூணு பையன்களும் மூணாவது மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை சறுக்கி வருகிறார்கள். பத்துமலை கதவைத் திறந்து "சத்தம்!" என்றார். பிறகு சாத்திக்கொண்டார்.

நாலாவது அட்டை ஒன்று சும்மா கிடந்தது. அறுபத்தாறு வயசில் ஒரு மனுஷன் சும்மா கிடக்கிற அட்டையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பான்? மணி ஏழு. மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"ரூபன்!"

"இருக்கேன்!"

"ஷர்வின்!"

"இருக்கேன்!"

"யுவேன்!"

"இருக்கேன்மா!"

பிறகு, பிளாட் முழுக்கக் கேட்கும்படி:

"மகேந்திரன் மாமா!"

நான் ரெண்டாவது மாடித் திருப்பத்தில், ரைஸ் குக்கர் படம் போட்ட அட்டைமேல், ஒரு காலில் மட்டும் செருப்போடு கீழே போய்க்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் ஹாரன் அடித்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"இருக்கேன்!"